நகம் தடுக்கும் இடம்

என் வண்டி கறுப்பு.
ஷேர் டாக்ஸி எல்லாம் கறுப்பாக இருக்கவேண்டும் என்பது
மழை பெய்யும் ஏதோ ஒரு ஊரில் உட்கார்ந்து
யாரோ எழுதிய சட்டம்.

ஆல்ட்டோ ஓஸ்பிசியோவில் மழை இல்லை.
புழுதி உண்டு. விடிகாலையில் கடலிலிருந்து மேலேறி வரும்
உப்புப் பனி உண்டு.
இரண்டும் குழைந்து அப்பியதை
ஆறு வருடம் காய்ந்த துணியால் துடைத்தேன்.
சுத்தக்காரி யாஸ்னா என்று பெயரும் வாங்கினேன்.

ஒரு ராத்திரி, பெட்ரோல் பங்க் விளக்கின் கீழ்
பானெட்டில் வட்டம் வட்டமாய் நூல்.
சிலந்தி என்று ஊதினேன்.
போகவில்லை.
அத்தனையும் என் கை இழைத்தது.

கீழே இக்கீக்கேயில், கண்ணாடிக் கதவு வைத்த கடைக்காரன்
வண்டியை ஒரு சுற்று வந்து விலை சொன்னான்.
மூன்று வாரச் சவாரி.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்,
யோசிக்க ஒன்றுமில்லாதவர்களின் குரலில்.

ஞாயிற்றுச் சந்தையில் மெஷின் கிடைத்தது.
ஓடும், ஆனால் சீக்கிரம் சூடாகும் என்றான் எவாரிஸ்டோ.
நானும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன்.
கூடவே இரண்டு பஞ்சுத் தட்டு, பாதி பாட்டில் காம்பவுண்ட்,
காயலான் கடையில் நாலாயிரம் பேசோவுக்கு
யாருடையதோ ஒரு நீல பானெட்.

முற்றத்தில் இரண்டு டயர்மேல் அதைக் கிடத்தி
முதல் நாளே எரித்தேன்.
மடிப்பின் முதுகில் பெயிண்ட் மெலிசு, அங்கே அழுத்தக்கூடாது
என்பதைத் தகரமே சொன்னது:
நீலம் போய்ச் சாம்பல், சாம்பல் போய்ப் பளீரென்று
தானே வெளியே வந்து.

பிறகு கை மெல்ல அடங்கியது.
டேப் ஒட்டி முழங்கை அகலத்துக்கு ஒரு சதுரம்.
பட்டாணி அளவில் நாலு பொட்டு.
நத்தை வேகம்.
தட்டு சுடுகிறதா, நிறுத்து.
கழுவ இரண்டு வாளி; இங்கே தண்ணீர் விலை தெரிந்தவர்களுக்கு
இரண்டாவது வாளி எவ்வளவு பெரிய ஆடம்பரம் என்று தெரியும்.

மூன்றாம் ஞாயிறு ஒரு சதுரம் கண்ணாடியானது.
கூவிவிட்டேன். தெருவே எட்டிப் பார்த்தது.
ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து துடைத்ததும்
நூல்கள் மறுபடி எழுந்து வந்தன.
காம்பவுண்டின் எண்ணெய்
பள்ளங்களில் படுத்துக்கொண்டு
எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறது.

பக்கத்து வீட்டு ஒதிலியா, பூசணிப் பூரி பொரித்துக்கொண்டே கேட்டாள்:
எடுத்த கீறலையெல்லாம் எங்கே கொட்டுவாய்?

கீறலை எடுப்பதே இல்லை, ஒதிலியா.
பள்ளத்தை எப்படி எடுப்பது?
சுற்றி இருக்கும் நல்லதையெல்லாம்
பள்ளத்தின் அளவுக்கு இறக்குகிறேன்.

எங்கள் சங்கத் தலைவரும் அதைத்தானே செய்கிறார் என்று
அவள் பூரியைத் திருப்பிப் போட்டாள்.

அப்புறம்தான் கறுப்புக்குப் போனேன்.
பதினோரு ராத்திரி, தலையில் கட்டிய விளக்கு,
மெஷின் ஆறும் நேரத்தில் தேநீர்.
பின் கதவில் மட்டும் ஒரு நீளக் கோடு.
நகத்தை ஓட்டினால் தடுக்கும்.
நகம் தடுத்தால் விட்டுவிட வேண்டும்;
அதன் ஆழத்துக்கு இறங்கினால் கதவில் பெயிண்ட் மிஞ்சாது.
விட்டேன்.
அதன் ஓரங்களை மட்டும் கொஞ்சம் மழுக்கினேன்.
கோபம் குறைந்த கோடு.

இப்போது சிக்னலில் நிற்கும்போது
மனுஷர்கள் கண்ணில் படுவதில்லை.
எதிர் வண்டி, பக்கத்து வண்டி, போலீஸ் வண்டி,
சவ வண்டிகூட,
எல்லாவற்றிலும் வட்டம் வட்டமாய் நூல்.
கற்றுக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை.

திங்கள் காலை முதல் சவாரி,
நர்சிங் படிக்கும் பெண்.
ராத்திரியோடு ராத்திரியாகப் புழுதி வந்துவிட்டது.
ஏறும் முன் அவள் சட்டைக் கையை இழுத்துப் பிடித்து,
காய்ந்த கையால், வட்டமாய்,
கதவில் ஒரு முகத்தளவு துடைத்து,
குனிந்து உதட்டுச் சாயத்தைச் சரிபார்த்தாள்.

என் வாய் திறந்தது.

நல்லா தெரியுது என்றாள்.

சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு
கியரைப் போட்டேன்.